பழைய துப்பாக்கியா, புதிய துப்பாக்கியா?

பழமை சிறந்ததா, புதுமை சிறந்ததா என்னும் வழக்கு உலகின் எல்லாத் துறைகளிலும் நடைபெற்று வருகிறது. சமயத்தில் நடக்கிறது, இலக்கியத்தில் நடக்கிறது, அடுக்களையில் அம்மிக்கும் மின்சார அரைப்பானுக்கும் இடையிலுங்கூட நடக்கிறது. இவ்வழக்கில் வாதியும் பிரதிவாதியும் பெரும்பாலும் ஒரே பிழையைச் செய்கின்றனர். பழையதாகையால் நல்லது என்பார் ஒருவர். புதியதாகையால் நல்லது என்பார் மற்றவர். எதற்கு நல்லது, யாருக்கு நல்லது என்று கேட்பவர் அரியர். அவ்வாறு கேட்பதே பகுத்தறிவின் முதற்படி என்பது நம் துணிபு.

நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் வேட்டைத் துப்பாக்கி. இலக்கியப் பகுதியில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்க வேண்டா. வேட்டைக் கருவி நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி, ஒரே அம்பினால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்தினான் என்று வன்பரணர் பாடியது புறநானூற்றில் உள்ளது. எய்தவனுடைய கைவன்மை அங்கே புகழப்பட்டது. அவ்வில் பழையதா புதியதா என்று புலவர் ஆராயவில்லை. பட்ட உயிர்கள் ஐந்தும் உடனே மாய்ந்தனவா, துடித்து மாய்ந்தனவா என்றும் அவர் கேட்கவில்லை. முதற் கேள்வியை இன்றைய வேட்டைக்காரர் ஓயாமற் கேட்கின்றனர். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் இன்றும் சிலரே. அவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜொகூரின் தென்மேற்குக் கரையில் உள்ள நமது பொந்தியான், தாழ்ந்த சமநிலம். கடலோரத்தில் களிமண்; உள்ளே கரிச்சேற்று நிலம். பாரிட் என்று மலாய் மொழியில் வழங்கும் வாய்க்கால்களை வெட்டி நீரை வடித்து, தென்னையும் அன்னாசியும் இரப்பரும் செம்பனையும் இங்கே பயிராக்கினர். பயிர் வந்தது, பயிரைத் தேடிக் காட்டுப்பன்றியும் வந்தது. புதிதாக நட்ட செம்பனங்கன்றின் குருத்தை ஒரு பன்றிக்கூட்டம் ஓர் இரவில் தோண்டித் தின்றுவிட்டால், அவ்வரிசை முழுவதையும் மறுபடி நட வேண்டும். ஆதலால் இவ்வூரில் துப்பாக்கி பற்றிய பேச்சு வெறும் பொழுதுபோக்கு அன்று. பயிர்க்காவலைப் பற்றிய பேச்சுமாகும்.

இந்நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி போலீசாரின் உரிமம் வேண்டும். காட்டுப்பன்றியைச் சுட 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேறோர் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர் கையில் பெரும்பாலும் காணப்படுவது, சிறு ரவைகளைச் சிதறும் துப்பாக்கியே. ஆயினும் பேச்சுக்கு உரிமம் வேண்டுவதில்லை. சாப்பாட்டுக் கடையில் நான்கு வேட்டைப் பிரியர்கள் கூடினால் பேச்சு விரைவில் ரைபிளுக்குத் தாவிவிடும். அக்கால ரைபிளைப் போல் இக்காலத்தில் உண்டா என்பார் ஒரு முதியவர். தொலைநோக்கி பொருத்திய இக்காலத்து ரைபிளின் முன் அது வெறும் இரும்புத் தடி என்பார் ஓர் இளைஞர். இருவர் கூற்றையும் முறையாக எடைபோட வேண்டுமானால் அக்கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

ரைபிள் என்பது, குழலின் உட்புறத்தில் திருகுவரிகள் வெட்டப்பட்டு, ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்பும் துப்பாக்கி. அதன் பின்வாயைக் கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் உருளை அடைக்கிறது. அதன் கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால், வெடித்த தோட்டாவின் வெறுங்கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளி மடக்கினால், புதிய தோட்டா குழலினுள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். இவ்வளவே அதன் தத்துவம். எளிய அமைப்பாகையால் இது நீடித்து நின்றது.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது, ஜெர்மனி தேசத்துப் பால் மௌசர் என்பார் அமைத்து அந்நாட்டுப் படை 1898இல் ஏற்றுக்கொண்ட மாதிரி. அதன் சிறப்பு ஓர் இரும்பு நகத்தில் இருக்கிறது. தோட்டா பெட்டியிலிருந்து மேலே எழும்பும்போதே அந்நகம் அதன் அடிவிளிம்பைப் பற்றிக்கொள்கிறது. குழலுள் ஏற்றும் வரையிலும், வெடித்த பின் வெளியே எறியும் வரையிலும் பிடியை விடுவதில்லை. துப்பாக்கி சாய்ந்திருந்தாலும், சுடுபவன் பதற்றத்தில் தாழைப் பாதியில் நிறுத்தினாலும் தோட்டா நழுவி விழாது. எதிரே பாயும் விலங்கின் முன் நிற்பவனுக்கு இது சிறிய நன்மையன்று.

அமெரிக்க நாட்டு வின்செஸ்டர் நிறுவனம் இந்நகத்தைக் கொண்ட வேட்டை ரைபிள் ஒன்றை, மாடல் 70 என்னும் பெயரால், 1936இல் வெளியிட்டது. வேட்டைக்காரர் அதைக் கொண்டாடினர். 1964இல் அதே நிறுவனம், செய்கூலி ஏறிவிட்டதென்று அந்த நகத்தை நீக்கிச் சிறு கொக்கி ஒன்றை வைத்தது. வேறு பல வேலைப்பாடுகளையும் சுருக்கியது. பெயர் அதுவே, பொருள் வேறு. வாங்குவோர் முகஞ்சுளித்தனர். அன்று தொட்டு, ‘அறுபத்துநான்குக்கு முற்பட்டது’ என்பதே ஒரு பட்டமாகி, பழைய துப்பாக்கிகளின் விலை ஏறிற்று. கடைசியில் 1992இல் அந்நிறுவனமே பழைய நகத்தை மீண்டும் பொருத்தி விற்கத் தொடங்கியது. பழமைவாதிக்கு இதைக்காட்டிலும் பெரிய வெற்றி வேண்டுமோ?

வெற்றிதான். ஆனால் எதன் வெற்றி? பழமையின் வெற்றியா, நகத்தின் வெற்றியா? நகம் ஏன் நல்லது என்பதைக் கையில் எடுத்துக் காட்டலாம். தோட்டாவை ஏற்றி இறக்கிச் சோதிக்கலாம். சோதனையில் நின்றதால் அது நல்லதாயிற்று. முந்தி வந்ததால் அன்று. 1964க்குப் பின் வந்தவற்றிலும் ஒரு நன்மை உண்டு. அவற்றில் தாழின் முகம் தோட்டாவின் அடியை முழுவதும் சூழ்ந்து மூடுகிறது. குறியிலும் அவை குறைந்தவையல்ல. நின்று மேயும் மானைச் சுடுபவனுக்கு இவ்விரண்டிடையே உள்ள வேறுபாடு வாழ்நாளில் ஒருமுறைகூடத் தெரியாமற் போகலாம். இவற்றையெல்லாம் ஆராயாமல், பொறித்த எண்ணைப் பார்த்துவிட்டு, இது முன்னே பிறந்தது, ஆகவே உயர்ந்தது. அது பின்னே பிறந்தது, ஆகவே தாழ்ந்தது என்று கூறுவோரும் உளர். பிறப்பைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பிக்கும் வழக்கம் மனிதரைக் கெடுத்தது போதாதென்று இரும்பையும் பற்றிக்கொண்டது போலும்!

புதுமைவாதிக்கும் பாடம் உண்டு; அது நம் மலாயாவிலேயே கிடைக்கிறது. ஆங்கிலேயரின் லீ-என்பீல்டு ரைபிளை நம் தோட்டத்து முதியோர் நன்கறிவர். 1948 முதல் 1960 வரை நீடித்த நெருக்கடிக் காலத்தில் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர் தோளில் அது தொங்கிற்று. பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டியும் விரைந்து ஓடும் தாழும் உடைய அந்தக் கனத்த துப்பாக்கியைக் காட்டுப்போருக்கு ஏற்ப இலேசாக்க எண்ணி, குழலைக் குறுக்கி, கட்டையைச் செதுக்கி, ஏறத்தாழ இரண்டு பவுண்டு எடையைக் குறைத்து, ஐந்தாம் எண் ரைபிள் என ஒன்றை 1944இல் செய்தனர். மலாயாக் காடுகளில் அது பெரிதும் வழங்கிற்று. தூக்குவதற்கு இன்பமாக இருந்தது. சுடுவதற்குத் துன்பமாக இருந்தது. எடை குறையவே தோளில் உதை மிகுந்தது. குழல் குறையவே நெருப்பொளி மிகுந்து, அதை மறைக்க வாயில் ஒரு புனல் மாட்ட வேண்டியதாயிற்று. இன்று சரிபார்த்த குறி நாளை நிலைக்கவில்லை என்றும் படையினர் முறையிட்டனர். 1947இல் அதன் உற்பத்தி நின்றது. அதற்கு மூத்த துப்பாக்கியோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் உழைத்தது. புதியது என்னும் சொல் எதற்கும் உறுதிச்சீட்டு அன்று என்பதற்கு இது போதும்.

இதுகாறும் கூறியது கருவியின் வழக்கு. இனி அறத்தின் வழக்குக்கு வருவோம். வேட்டைக்காரருள் சிந்தனை உடையோர், தம் கட்சிக்கு அருளையே சாட்சியாக அழைக்கின்றனர்.

பழைய ரைபிளை விரும்புவோர் சொல்வது இது: இரும்புக் குறிமுனையை மட்டும் கொண்டு சுடுபவன் விலங்கின் அருகே செல்ல வேண்டும், காற்றின் திசை அறிய வேண்டும், சருகு மிதிபடாமல் நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். இதனால் விலங்குக்கும் தப்ப வாய்ப்பு உண்டு. வேட்டை நேர்மையான போட்டியாகிறது. அமெரிக்காவில் தியோடோர் ரூஸ்வெல்ட் 1887இல் நிறுவிய பூன்-கிராக்கெட் சங்கம் இத்தகைய நேர்மையான துரத்தலையே வேட்டையின் அறமாக வகுத்தது. தொலைநோக்கி வழியே நெடுந்தொலைவிலிருந்து சுடுவது வேட்டையன்று, கசாப்பு என்பர் இவர்கள்.

புதிய ரைபிளை விரும்புவோர் மறுமொழி இது: விலங்குக்கு வேண்டியது உங்கள் போட்டியன்று, நோவில்லாத சாவு. தொலைநோக்கி, இருதயம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. நன்கு செய்த குழல், குண்டை அங்கேயே சேர்க்கிறது. பழைய இரும்புமுனையை மங்கலொளியில் வைத்துக்கொண்டு குடலில் சுட்டுவிட்டு, அதற்கு நேர்மை என்று பெயரிடுவது கொடுமை.

இரண்டும் கேட்க இனியவை. இரண்டையும் உரைத்துப் பார்ப்போம்.

போட்டி என்றால் இரு தரப்பாரும் ஒப்பியிருக்க வேண்டும். பன்றி எந்த ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தது? அது தோற்றால் உயிரை இழக்கிறது. வேட்டைக்காரன் தோற்றால் ஒரு தோட்டாவின் விலையை இழக்கிறான். இதனைப் போட்டி என்பது, தாய்மொழியில் உள்ள ஒரு நல்ல சொல்லைப் பாழாக்குவதாகும். மேலும், விலங்குக்குத் தரப்பட்ட ‘தப்பும் வாய்ப்பு’ எத்தகையது? முழுவதும் தப்பினால் நன்று. காயத்தோடு தப்பினாலோ, மூன்று நாள் புதரில் கிடந்து சீழ்பிடித்துச் சாகும் வாய்ப்பே அதற்குக் கிட்டியது. நேர்மையான துரத்தல் என்னும் விதி வேட்டைக்காரனை அடக்கி வைக்கும் அளவில் நல்ல விதி. ஆயின் அது காப்பது பெரும்பாலும் அவனுடைய பெருமையைத்தான்.

புதுமைவாதியின் கூற்றில் உண்மை மிகுதி. அதிலுள்ள ஓட்டையும் பெரிது. நூறு கெஜத்தில் பழைய துப்பாக்கியால் ஐயத்தோடு சுட்டவன், புதியதை வாங்கிய பின்பும் அதே நூறு கெஜத்தில் நிற்பானாயின், விலங்குக்குப் பெரிய நன்மை விளையும். ஆனால் அவன் நிற்பதில்லையே! கருவி திருந்தத் திருந்த அவன் பின்னுக்குப் போகிறான். இருநூறு, முந்நூறு, ஐந்நூறு கெஜத்தில் முயன்று பார்க்கிறான். ஐந்நூறு கெஜத்தைக் கடக்கக் குண்டுக்கு அரை நொடிக்கும் மேலாகும். அதற்குள் பன்றி ஓரடி எடுத்து வைத்தால், இருதயத்துக்கு விட்ட குண்டு வயிற்றில் பாயும். காற்று சிறிது திரும்பினாலும் அதுவே கதி. முதலில் இருந்த ஐயம் அப்படியே இருக்கிறது, தொலைவுதான் மாறியது. கருவி தந்த துல்லியம் விலங்கின் நோவைக் குறைக்கச் செலவாகவில்லை. சுடுபவனுடைய ஆசையை நீட்டச் செலவாயிற்று. கூலி உயர்ந்ததும் கடனை அடைக்காமல் புதுக்கடன் வாங்குபவன் கதை இது. விஞ்ஞானம் தந்த நலன்கள் பலவற்றையும் மனித சமூகம் இவ்வாறே செலவிட்டு வருகிறது என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நல்ல துப்பாக்கி நல்ல சாவைத் தரும் என்பதற்கு எதிர்ச்சான்றாக ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைச் சொல்லலாம். பர்மாவின் மௌல்மேனில் போலீஸ் அதிகாரியாக இருந்தபோது, மதங்கொண்டு பின் தணிந்துவிட்ட யானை ஒன்றைச் சுட்ட செய்தியை அதில் கூறுகிறார். கையில் இருந்தது அழகிய ஜெர்மன் ரைபிள்; தொலைநோக்கில் குறுக்குக்கோடும் உண்டு. ஆனால் எங்கே சுட வேண்டுமென்பதை அவர் அறியார். காதுத் துளையின் நேரே சுட வேண்டியவர், அதற்குச் சில அங்குலம் முன்னே சுட்டார். குண்டுக்கு மேல் குண்டு பாய்ந்தும், யானை அரைமணி நேரம் உயிரோடு போராடிற்று. சுடவேண்டிய தேவையும் அப்போது இல்லை என்பதை அவரே ஒப்புகிறார். பின்னே கூடி நின்ற ஆயிரக்கணக்கான மக்கள் முன் தாம் முட்டாளாகத் தோன்றக்கூடாது என்பதே காரணம். கருவியில் ஒரு குறையும் இல்லை. அறிவில் குறை, அதனினும் பெரிது, துணிவில் குறை. ‘சுடமாட்டேன்’ என்று சொல்லும் துணிவு எந்த மாதிரியிலும் பொருத்தி வருவதில்லை.

வேட்டையின் துன்பம் விலங்கோடு முடிவதில்லை என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். ரைபிள் குண்டு, தவறினால் இரண்டு மைலுக்கு மேலும் செல்ல வல்லது. மேடு ஒன்றில் புதைந்தால் நன்று. பொந்தியானின் சமநிலத்தில் மேடு ஏது? வரிசை வரிசையாக நிற்கும் செம்பனைக்கு அப்பால் பாரிட். அதற்கு அப்பால் கம்பம். அதற்கு அப்பால் தொழிலாளர் குடியிருப்பு. காயப்பட்ட பன்றி விடியுமுன் படுத்திருப்பதும் இவ்வரிசைகளில்தான். சுட்டவன் வீட்டில் உறங்குவான். காலைப் பெரட்டு முடிந்து, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வயிற்றுப்பாட்டுக்கு வந்த தொழிலாளி, குலை வெட்டும் கத்தியோடு அதன் முன் போய் நிற்பான். பன்றியென எண்ணி மனிதனையே சுட்டுக் கொன்ற செய்திகள் இந்நாட்டு நாளேடுகளில் பன்முறை வந்துள்ளன. இருட்டில் புதர் அசைந்தபோது, அங்கிருப்பது பன்றிதானா என்று எந்தத் துப்பாக்கி கேட்டது? பழையதும் கேட்காது, புதியதும் கேட்காது. கேட்க வேண்டியவன் அவற்றின் பின்னே இருக்கிறான்.

அப்பின்னே இருப்பவன் மாறக்கூடும் என்பதே நமக்குள்ள நம்பிக்கை. ஜிம் கார்பெட் என்பார் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் அவருக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். மௌசர் அமைப்பில் லண்டன் ரிக்பி கம்பெனியார் செய்தது அது. அதே கார்பெட் பின்னாளில் புலியைப் படம்பிடிப்பதில் மிகுந்த நாட்டங் கொண்டார். 1936இல் இமயமலை அடிவாரத்தில் ஒரு தேசியப் பூங்கா அமைய உதவினார். மலாயாவில் தியோடோர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர், யானை வேட்டையையும் காட்டெருது வேட்டையையும் பற்றி 1905இல் நூல் எழுதியவர். அவரே பிற்காலத்தில் வனவிலங்கைக் காக்க ஓயாது வாதாடினார். இன்று தாமான் நெகாரா எனப்படும் பெருங்காடு 1938, 1939ஆம் ஆண்டுகளில் காப்பிடமானது பெரிதும் அவர் முயற்சியின் பயன். இவர்களுடைய துப்பாக்கிகள் முன்பு எவையோ, பின்பும் அவையே. மாறியது கருத்து.

நம் ஜொகூரின் சுல்தான் இப்ராகிம் புலி வேட்டைக்குப் பேர்போனவர். அவர் 1895 முதல் 1959 வரை அரசாண்ட காலத்தில், புலி என்பது ஊரை அச்சுறுத்தும் பொருளாக இருந்தது. 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்போ, இந்நாட்டுக் காடுகளில் எஞ்சிய புலிகள் நூற்றைம்பதுக்கும் குறைவு என்று கூறுகிறது. துப்பாக்கி மட்டுமே இதற்குக் காரணமன்று. காடழிப்பும் கண்ணியும் பெருங்காரணங்கள். ஆயினும் எந்தக் கருவி சிறந்தது என்று ஒரு தலைமுறை வாதிட்டுக்கொண்டிருந்தபோது, எந்த உயிர் எஞ்சும் என்று கேட்டவர் சிலராகவே இருந்தனர் என்பது மெய்.

அப்படியானால் வேட்டையே கூடாதா? உயிர்க்கொலை முற்றிலும் நீங்கிய வாழ்வைப் போற்றுவோர் தமிழரிடையே தொன்று தொட்டு உண்டு. அவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் கடன்பட்டு அன்னாசி நட்ட சிறு குடியானவனிடம் போய், பன்றிக்கு வழிவிடு என்று சொல்லும் உரிமை, அவனுடைய கடனில் பங்கு கொள்ளாத நமக்கு இல்லை. வேலியும் அகழியும் பயன்படுமிடத்தில் அவற்றை முதலில் முயல்க. பயன்படாதபோது, சட்டப்படி உரிமம் பெற்றவன் சுடட்டும். சுடுமுன் மூன்று கேள்விகளுக்கு அவன் விடை கூற வேண்டும். இவ்வுயிரைக் கொல்வது தேவைதானா? நான் காண்பது இன்னதென்றும், அதன் பின்னே உள்ளது இன்னதென்றும் ஐயமற அறிவேனா? ஒரே குண்டில் முடிக்க என்னால் இயலுமா; இயலாவிடில் அதன் சுவட்டைப் பின்பற்றிச் சென்று துன்பத்தை முடிக்குமுன் வீடு திரும்பாதிருப்பேனா? மூன்றுக்கும் ஆம் என்பவன் கையில் 1898ஆம் ஆண்டு மாதிரியும் நல்ல கருவியே. ஒன்றுக்கேனும் இல்லை என்பவன் கையில் நேற்றுச் செய்த மாதிரியும் கேடான கருவியே.

தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு, எதையும் கட்டம் போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. நாம் எழுதும் ஏட்டில் பன்றி தின்ற கன்று எத்தனை என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. சுட்ட பன்றி எத்தனை என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. செலவான தோட்டாவுக்கும் உண்டு. காயத்தோடு ஓடியவை எத்தனை என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. பழைய துப்பாக்கியா, புதிய துப்பாக்கியா என்று வாதிடும் அன்பர்கள், இந்த நான்காவது கட்டத்தைத் தம் மனத்தில் தாமே வரைந்து, ஒவ்வொரு வேட்டைக்குப் பின்னும் உண்மையாக நிரப்பி வரட்டும். எந்தத் துப்பாக்கி சிறந்தது என்பதை ஓர் ஆண்டில் அக்கட்டமே சொல்லிவிடும். துப்பாக்கியை மாற்றுவதா, தம்மை மாற்றிக்கொள்வதா என்பதையும் அதுவே சொல்லும்.